ஒரு ரூபாய் கீழே

தீபாவளி நெருங்கும் வாரங்களில் எங்கள் பட்டறையில் யாரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசினாலும் காதில் விழாது. ஒரு பக்கம் லேத், இன்னொரு பக்கம் பவர் பிரஸ், நடுவில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் கிறீச்சென்ற சத்தம். அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்தெரு ஒன்றில் தகரம் போட்ட சின்னக் கொட்டகை. நாங்கள் செய்வது முறுக்கு அச்சு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழல், மேலே திருகுகிற கைப்பிடி, அடியில் மாற்றி மாற்றிப் போட ஓட்டை போட்ட தட்டுகள். லேத்தில் என் கணவர் நிற்பார். பிரஸ்ஸில் ஓர் ஆள், பேக்கிங்குக்கு ஓர் அக்கா. விற்பது என் பொறுப்பு.

முன்பெல்லாம் பாரிமுனை மொத்தக் கடைகளுக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். கொரோனாவில் கடைகள் மூடியபோது ஆன்லைனில் போட ஆரம்பித்து, அதுவே பிழைப்பாகிவிட்டது. காலையில் பட்டறைக்கு வந்ததும் லேபிள் பிரின்டரை ஆன் செய்வேன். ராத்திரி வந்த ஆர்டர்களையெல்லாம் அது கரகரவென்று ஸ்டிக்கராகத் துப்பும். அந்தச் சத்தம் கொஞ்சம் நீண்டால் என் கணவர் லேத்திலிருந்து திரும்பி என்னைப் பார்ப்பார். சிரிக்க மாட்டார், புருவத்தை மட்டும் தூக்குவார். எங்கள் வீட்டில் அதுதான் சிரிப்பு.

நான் ஆவடியில் டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா மிலிட்டரி கேன்டீனில்தான் சாமான் வாங்குவார். அங்கே ஒரு பொருளுக்கு ஒரு விலை. எங்கள் வீட்டுக்கும் அதுதான், பக்கத்து பிளாக் ஆபீசர் வீட்டுக்கும் அதுதான், மாசம் முழுக்க அதுதான். பேரம் பேசுகிற வித்தை எனக்கு வரவே இல்லை. கல்யாணமான புதிதில் காய்காரர் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வந்து மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் விலை மணிக்கொரு தரம் மாறுகிற ஓர் இடத்தில் கடை போட்டேன். வாங்குகிறவளாக அந்த இடம் எனக்குப் பழகித்தான் இருந்தது. மிக்ஸி வாங்க வேண்டுமென்றால் கார்ட்டில் போட்டு வைத்துவிட்டு, விலை இறங்குகிறதா என்று வாரக்கணக்கில் எட்டிப் பார்ப்பேன். இறங்கினால் ஏதோ ஜெயித்த மாதிரி இருக்கும். யார் தோற்றார்கள் என்று யோசித்ததில்லை.

நான் சொல்வது இரண்டு தீபாவளிக்கு முன்னால் நடந்தது. சேல் ஆரம்பிக்கச் சில நாட்கள் இருக்கும்போது நாங்கள் விற்கிற ஆன்லைன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். நல்ல குரல்.

“மேடம், சேலுக்கு ஆட்டோ பிரைஸ் ஆன் பண்ணிக்கறீங்களா?”

“அப்படின்னா?”

“நீங்க உக்காந்து விலையப் பாத்துக்கிட்டே இருக்க வேணாம் மேடம். உங்கள மாதிரியே பொருள் விக்கறவங்க என்ன விலை வச்சிருக்காங்கன்னு சிஸ்டமே பாக்கும். அவங்கள விட ஒரு ரூபா கம்மியா உங்க விலைய மாத்திடும். தேடறவங்களுக்கு நீங்கதான் முதல்ல தெரிவீங்க.”

“ரொம்பக் கீழ போயிட்டா?”

“அதுக்கு நீங்களே ஒரு அடிவிலை போட்டுக்கலாம். அதத் தாண்டிக் கீழ போகாது.”

அடிவிலை என்ற வார்த்தை எனக்குப் பாதுகாப்பாக இருந்தது. எங்கள் அச்சின் விலை ஐந்நூற்று நாற்பத்தொன்பது. ஸ்டீல், பாலிஷ், கூலி, பெட்டி எல்லாம் போக, நஷ்டமில்லாமல் விற்க நானூற்று ஐம்பது. அதை அடிவிலையாகப் போட்டு, பட்டனை ஆன் செய்தேன். கணவரிடம் சொன்னேன். “நீ பாத்துக்கினு போ” என்றார்.

சேல் முதல் நாள் காலையில் ஐந்நூற்று நாற்பத்தொன்பது இருந்தது. டீ குடிக்கும் நேரத்தில் பார்த்தால் ஐந்நூற்று முப்பத்தொன்று. அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. நான் கையே வைக்கவில்லை. ஆர்டர்கள் வந்துகொண்டே இருந்தன. பிரின்டர் நிற்கவே இல்லை. கணவர் புருவத்தைத் தூக்கித் தூக்கிக் களைத்துப் போனார். சாயங்காலம் பார்சல் எடுக்கிற வேன் வந்தபோது விலை நானூற்று ஐம்பதில் வந்து நின்றிருந்தது. வேன்காரர், “இன்னா மேடம், ஒரே ஜோரு!” என்றார். நான் பார்சல்களை எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பிரின்டர் இரண்டு ஸ்டிக்கர் துப்பிவிட்டு நின்றது.

போனில் ‘முறுக்கு அச்சு’ என்று தேடிப் பார்த்தேன். முதலில் நாங்கள் இல்லை. புதிதாக ஒரு கடை, ஒரு பூவின் பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் படத்தைப் போலவே வாழை இலைமேல் முறுக்கு, பக்கத்தில் அச்சு. விலை நானூற்று நாற்பத்தொன்பது.

ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய்க்காக ஒருத்தரும் எங்கள் பக்கம் வரவில்லை.

மூலையில் மூட்டை மூட்டையாகச் சரக்கு இருந்தது. ஆடி மாசத்திலிருந்து செய்து சேர்த்தது. தீபாவளி முடிந்தால் அடுத்த கோகுலாஷ்டமி வரை முறுக்கு அச்சைத் தேடுகிறவர்கள் குறைவு. நான் அந்த மூட்டைகளைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன். அடிவிலையை நானூற்று முப்பதாக்கினேன். கொஞ்ச நேரத்தில் பிரின்டர் கரகரத்தது. மத்தியானத்துக்குள் அந்தக் கடை நானூற்று இருபத்தொன்பதுக்கு வந்தது. நான் நானூற்றுப் பத்துக்கு வந்தேன். பிரின்டர் சத்தம் கேட்டால் இப்போது பயமாக இருந்தது. ஒவ்வொரு ஸ்டிக்கரும் ஒரு நஷ்டம். சத்தம் நின்றாலோ இன்னும் பயமாக இருந்தது.

இதற்கு நடுவில் வாங்கியவர்களின் சண்டை. கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, ஐந்நூற்று முப்பதுக்கு வாங்கியவள், செய்தி அனுப்பினாள். ‘நான் வாங்கின மறுநாளே நூறு ரூபாய் குறைச்சிருக்கீங்க. இதுல எது உண்மையான விலை? நேத்து என்ன ஏமாத்தினீங்களா, இல்ல இன்னைக்கு மட்டமான சரக்கா?’ பதில் எழுத உட்கார்ந்தேன். எது உண்மையான விலை என்று எனக்கே தெரியவில்லை. ‘பண்டிகைச் சலுகை’ என்று ஒரு வரி போட்டேன். அவள் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டு, பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதையே குறைந்த விலைக்கு மறுபடி ஆர்டர் போட்டாள். போகிற கூலியும் வருகிற கூலியும் எங்கள் தலையில்.

மூன்றாம் நாள் கணவர் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். கையைத் துணியில் துடைத்தபடி, “இப்ப எவ்ளோ?” என்றார்.

“முந்நூத்தித் தொண்ணூறு.”

“இன்னாடி சொல்ற? அசலே வரல. இழுத்து மூடு.”

“மூடினா மூட்டை அப்படியே நிக்கும்.”

“வித்தா மட்டும் இன்னா வருது? கைக்காசப் போட்டு ஊரான் ஊட்டுக்கு முறுக்கு சுட்டுக் குடுக்கறோம்.” என் போனைப் பிடுங்கி அந்தக் கடையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மாறியது. “இந்தக் கைப்பிடியப் பாரு. இது நம்ம டிசைன். அவன் வேலதான் இது.”

அவன் என்றது எங்களிடம் ஆறேழு வருஷம் லேத் ஓட்டியவரை. முந்தைய வருஷம் ஒரு வாய்த் தகராறில் நின்றுவிட்டார். என் கணவருக்குத் தம்பி மாதிரி இருந்தவர். அந்தத் தகராறு என்னவென்று இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். டீக்கு வெளியே போனவர் லேட்டாக வந்தார், அவ்வளவுதான். அவர் போனதும் என் கணவர் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது எனக்கு முன்னாலேயே அவருக்குப் போன் போட்டார்.

“டேய், எங்க கீற?”

அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது. “அண்ணாத்தே! இன்னா திடீர்னு?”

“நம்ம தட்டு அடிக்கற டைய காப்பியடிச்சி இன்னொருத்தன்கிட்ட குடுத்துட்டியா? எங்க வயித்துல அடிக்கறதுக்கா உனக்கு வேல கத்துக் குடுத்தேன்?”

“இன்னாத்த சொல்ற நீ? நான் லேத்தத் தொட்டே ஒரு வருசம் ஆவுது. லோடு ஆட்டோ ஓட்டிகினு கீறேன்.”

“பொய் சொல்லாதடா.”

பிறகு அவர், “சரி அண்ணாத்தே” என்றார். அந்தச் ‘சரி’ எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கணவர் திட்டிக்கொண்டே இருந்தார். எதிரில் ஆள் போனை வைத்துவிட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு வேறொன்று தோன்றியது. யாரோ எவரோ என்று தவிப்பதைவிட, அந்தக் கடையிலிருந்து ஓர் அச்சை வாங்கிப் பார்த்துவிடலாம். என் தங்கை பெயரில் ஆர்டர் போட்டேன். விலை முந்நூற்று எண்பத்தொன்பது. காசு கட்டும்போது எனக்கு ஒரு கணம், பரவாயில்லையே, மலிவாக இருக்கிறதே என்று தோன்றிய விதத்தை என்ன சொல்ல.

மறுநாளே வந்துவிட்டது. அத்தனை சீக்கிரம் வந்ததே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெட்டியைத் திருப்பி அனுப்புநர் முகவரியைப் பார்த்தேன். பாடி. எங்கள் பட்டறையிலிருந்து வண்டியில் போனால் டீ ஆறாது, அவ்வளவு தூரம்.

கணவர் பெட்டியைக் கிழித்து அச்சை எடுத்தார். கைப்பிடியைத் திருகினார். மீண்டும் திருகினார். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். எங்கள் அச்சு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டின் தட்டுகளையும் கழற்றி ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்.

“இன்னாங்க?”

“திருகு மரையே வேற. தட்டுல ஓட்ட போட்டிருக்கற விதமே வேற. இது நம்ம டை இல்ல.” அச்சை மெதுவாகக் கீழே வைத்தார். “நல்லாத்தான் பண்ணிக்கீறான்.”

தம்பி மாதிரி இருந்தவரைத் திட்டிய அவமானம் கோபமாக வேறு பக்கம் திரும்பியது. “வண்டிய எடு. யார்னு பாத்துட்டு வந்துடலாம்.” அந்த அச்சைப் பெட்டியோடு பையில் போட்டுக்கொண்டார். இரும்பு மாதிரி கனமான சாமான் அது. அவருடைய கோபத்தை எனக்குத் தெரியும்.

மேம்பாலத்துக்குக் கீழே லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. டயர் கடைகள், வெல்டிங் கடைகள். விசாரித்துக்கொண்டே போய் அந்த முகவரியின் சந்துக்கு வந்து சேர்ந்தோம். சந்து முனையில் டீக்கடை. நான் வண்டியிலிருந்து இறங்கி, “நீங்க இங்கயே இருங்க. நான் பேசிட்டு வரேன்” என்றேன்.

“ஏன், நான் வந்தா இன்னா?”

“நீங்க வந்தா பேச்சு இருக்காது.”

பையை நான் வாங்கிக்கொண்டேன். அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனால் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

எங்களுடையதைவிடச் சின்னக் கொட்டகை. ஒரே ஒரு பழைய லேத். சுவரோரம் மூட்டைகள், எங்கள் பட்டறையில் இருப்பதைப் போலவே. அறுபதைத் தொடும் ஒருவர் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, தரையில் உட்கார்ந்து பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். துணைக்கு ஆள் யாரும் இல்லை. என் கையிலிருந்த பையையும் அதில் தெரிந்த பெட்டியையும் பார்த்தார்.

“ரிட்டனாம்மா? ஆன்லைன்லயே போட்டுட்டா வண்டிக்காரனே வந்து எடுத்துகினு பூடுவானே. இதுக்காவா இம்மாந்தூரம் வந்த?”

“ரிட்டர்ன் இல்லீங்க.” போனில் எங்கள் கடைப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். “இது நாங்க. அம்பத்தூர்லேர்ந்து வரோம்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார். அடிக்கத்தான் போகிறாரோ என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது.

“இது நீயா?”

“ஆமாங்க.”

“அம்பத்தூரா?”

“எஸ்டேட் பின்னால.”

“அடப்பாவி!” என்றார். கோபமா, சிரிப்பா, தெரியவில்லை. “நான் எதோ வடக்க பெரிய கம்பெனி, எங்கள மாதிரி ஆளுங்கள ஒழிச்சிக் கட்டத்தான் வெலைய எறக்கறான்னு நெனச்சிகினு கீறேன். சோறு எறங்கலம்மா எனுக்கு. எத்தினி தபா உன்னியத் திட்டிக்கீறேன் தெரியுமா?”

“நாங்களும் உங்களத் திட்டிட்டுத்தான் இருந்தோம்.”

“அப்ப ஏன் எறக்கின?”

“நீங்க ஏன் எறக்கினீங்க?”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேச்சு வந்தது. வேலை செய்துகொண்டிருந்த பாடித் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பணத்தில் இந்த லேத். மகள் நர்ஸ். ஆன்லைன் எல்லாம் அவள் பார்ப்பதுதான். டூட்டி முடிந்து வந்துதான் பார்ப்பாள். சேலுக்கு முன்னால் அவளுக்கும் ஒரு போன் வந்திருக்கிறது. நல்ல குரலில் ஒரு பெண். ஒரு ரூபாய் கம்மியாகத் தானே வைத்துவிடும் என்று சொல்லியிருக்கிறாள். அடிவிலை போடச் சொல்லியிருக்கிறாள்.

“உங்க போன்ல உங்க கடைய எடுங்க” என்றேன்.

இரண்டு போன்களையும் பெட்டி மடிக்கிற பலகைமேல் பக்கம் பக்கமாக வைத்தோம். அவருடையது முந்நூற்று எண்பத்தொன்பது, எங்களுடையது முந்நூற்றுத் தொண்ணூறு. நான் ஆட்டோ பிரைஸை நிறுத்திவிட்டு, ஐந்நூறு என்று கையால் அடித்தேன். அத்தனை நாளும் எங்கள் இருவரில் ஒருத்தருக்கும் விலையை ஏற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. இறக்கத்தான் தோன்றியது.

காத்திருந்தோம். அவர் ஒரு தடவை விரலால் திரையைக் கீழே இழுத்து விட்டார். மாறவில்லை. வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது. மீண்டும் இழுத்தார்.

நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

“ஏறுதே!” என்றார். “நான் ஒண்ணுமே பண்ணலியேம்மா!”

“நானும் அப்படித்தாங்க. நான் உங்களப் பாத்து எறக்கல. நீங்களும் என்னப் பாத்து எறக்கல. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு இருந்திருக்கு. அடிவிலைய மட்டும்தான் நாம பயந்துபோய் எறக்கியிருக்கோம்.”

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. என் கணவர். பொறுமை தீர்ந்து எழுந்து வந்திருக்கிறார். தோளை விறைத்துக்கொண்டு நின்றார். பெரியவரும் பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றேன். என் கணவரின் பார்வை மெதுவாகப் பெரியவரைத் தாண்டிப் போனது. லேத், மூட்டைகள், தரையில் பாதி மடித்த பெட்டி, அதன்மேல் கிடந்த டேப்.

“ஆள் யாரும் இல்லியா?” என்றார்.

“வச்சா கட்டுபடியாவல.”

நான் நடந்ததைச் சொன்னேன். கணவர் இரண்டு போன்களையும் குனிந்து பார்த்தார். “இப்ப இன்னா பண்ணலாம்ங்கற?”

அங்கேதான் சிக்கல். நாங்கள் மட்டும் நிறுத்தினால் அவருடைய இயந்திரம் எங்களைவிட ஒரு ரூபாய் கீழே நின்றுகொள்ளும். ஆர்டர் எல்லாம் அந்தப் பக்கம் போகும். அவர் மட்டும் நிறுத்தினால் அவருக்கு அதே கதி. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவரே, “எம் பொண்ணு சாய்ங்காலம்தான் வரும். எனுக்கு இதுல கைவெக்கத் தெரியாது. அதுகிட்ட கேக்காம ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார். அது உண்மையா, தட்டிக் கழிப்பதா, எங்களுக்குத் தெரியவில்லை.

கணவர் என்னிடம் திரும்பினார். “நம்மள்த நிறுத்திட்ட இல்ல? திரும்ப ஆன் பண்ணாத. பழைய வெலையப் போடு.”

“ஏங்க, அவங்க...”

“போடு.” பிறகு பெரியவரிடம், “உங்க வெல உங்க இஷ்டம். எங்க வெல எங்க இஷ்டம். மிஷினு மட்டும் வேணாம். நான் மூடிட்டேன். நீங்க மூடினா மூடுங்க, இல்லாட்டிப் போங்க” என்றார். சண்டை போடுகிற தொனியில்தான் சொன்னார். அவருக்கு வேறு தொனி தெரியாது.

திரும்பும்போது டீக்கடையருகே வண்டியை நிறுத்தி, போனை எடுத்தார். “தப்புதான்டா. நீ இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. சீக்கிரமே போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். “சவாரில கீறானாம்” என்றார்.

அன்று மீதிப் பொழுது முழுக்கப் பிரின்டர் ஊமையாக இருந்தது. நாங்கள் ஐந்நூற்று நாற்பத்தொன்பது. அவர்கள் ஐந்நூற்று நாற்பத்தெட்டு. நான் பார்க்கக் கூடாது என்று போனைக் கவிழ்த்து வைப்பேன். அக்கா அந்தப் பக்கம் போனதும் நிமிர்த்துவேன். வேன்காரர் வந்தார். கொடுக்க ஒன்றுமில்லை. “இன்னா மேடம், சேல் முடிஞ்சிட்ச்சா?” என்றார். கணவர் லேத்தை நிறுத்தவில்லை. தேவையே இல்லாத ஒரு கம்பியை இழைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் மனசுக்குள் அந்தப் பெரியவரைத் திட்டிக்கொண்டே போனேன். நர்ஸ் மகள் வந்திருப்பாள். சொல்லியிருப்பார். அப்பா, தேடறவங்களுக்கு நாமதான் முதல்ல தெரியறோம், நாம எதுக்கு நிறுத்தணும் என்று அவள் சொல்லியிருப்பாள். அவள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

காலையில் பல் தேய்க்கும் முன்பே போனை எடுத்தேன். எங்கள் விலை ஐந்நூற்று நாற்பத்தொன்பது. அவர்களுடையது ஐந்நூற்று எழுபத்தைந்து.

தப்பாகப் பார்க்கிறேனோ என்று மூடித் திறந்தேன். ஐந்நூற்று எழுபத்தைந்துதான். எந்த இயந்திரமும் அந்த எண்ணை வைத்திருக்காது. எங்கள் விலைக்கு மேலே. ஒரு மனுஷக் கை அடித்த எண். அடுப்படியில் நின்றிருந்த கணவரிடம் நீட்டினேன். ஈரக் கையால் போனைப் பிடித்துப் பார்த்தவர், “அந்த மரைக்கு அது தகும்” என்றார்.

பட்டறைக்குப் போனதும் அந்த நர்ஸ் பெண்ணே கூப்பிட்டாள். ஆன்லைனில் எங்கள் கடைப் பக்கத்திலிருந்து நம்பரைப் பிடித்திருக்கிறாள். “ஆன்ட்டி, நேத்து டபுள் டூட்டி. வரவே லேட்டாயிடுச்சி. அப்பா தூங்காம உக்காந்துட்டு இருந்தாரு. நிறுத்துன்னாரு, நிறுத்திட்டேன். எவ்ளோ போடறதுன்னு கேட்டேன். செய்யறதுக்கு என்ன ஆவுதோ அத வச்சிப் போடுன்னாரு.” கொஞ்சம் தயங்கி, “நீங்க வந்து கத்துவீங்கன்னு நெனச்சாராம்” என்றாள்.

“நானும் அவரு அடிப்பாருன்னு நெனச்சேன்” என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். அந்த வாரக் கடைசியில் உண்மையாகவே வடக்கே எங்கோ ஒரு கடை முளைத்தது. முந்நூற்று இருபது. மெல்லிய தகடு, படத்திலேயே தெரிந்தது. நான் போனை எடுப்பதற்குள் பாடியிலிருந்து போன் வந்துவிட்டது. “பாத்தியாம்மா?” என்றார் பெரியவர். “பாத்தேங்க.” “இன்னா பண்ணப் போற?” மூட்டைகளைப் பார்த்தேன். இந்தத் தடவை விரல் தானாக எண்ணைத் தேடிப் போகவில்லை. “ஒண்ணும் பண்ணல. அப்படியே விடறேன்.” “நானும் அதான்” என்றார். தகடு மெலிதாக இருப்பது அதை வாங்கியவர்களின் ரிவ்யூவில் வர ஆரம்பித்ததும் எங்கள் இருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆர்டர் திரும்பியது. தீபாவளிக்கு முந்தின நாள்வரை விற்றும் சில மூட்டைகள் நின்றுபோயின. அவற்றைக் கோகுலாஷ்டமிக்கு விற்றோம். அந்த வருஷம் லாபம் என்று கையில் ஒன்றும் நிற்கவில்லை. பட்டறை நின்றது.

லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் எங்கள் பக்கம் வரவில்லை. என் கணவர் தீபாவளியன்று கொரட்டூரில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். கொண்டுபோன ஸ்வீட் பாக்ஸை அங்கே கொடுத்துவிட்டு, வெறும் கையோடு திரும்பினார். “பசங்க நல்லாப் படிக்கிதுங்களாம்” என்றார்.

பாடிப் பெண் இப்போதும் பேசுவாள். ஸ்டீல் விலை, டெலிவரிக் கூலி, நைட் டூட்டி எல்லாம் பேசுவோம். பேசி முடித்துப் போனை வைத்ததும் நான் அவர்கள் கடைப் பக்கத்தைத் திறந்து விலையைப் பார்ப்பேன். மாறியிருக்காது. மாறாது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் இதை அவளிடம் சொல்லிவிட்டேன். “நானும் பாப்பேன் ஆன்ட்டி” என்றாள்.